ஏழு நொடி

மே மாதம் பாதி போய்விட்டது. ரெஜைனாவில்
வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் மட்டும்
கரியேறிய பனி கொஞ்சம், போக மனமில்லாமல்.
வானொலி நிலையத்தில் நான் ஒருத்தி.
டேரல் கோஸ்ட்டினியுக் பேசுவது
அவர் வீட்டு நிலவறையிலிருந்து,
துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில்.
அவர் மனைவி மறந்துபோய்ப் பொத்தானைத் தட்டினால்
மாகாணம் முழுதும் துணி அலசும் சத்தம்.

நாலு மணி தொட்டு ஆறு வரை
ஃபுட்பால் பேசியாக வேண்டும்.
ஃபுட்பால்தான் இல்லை.

எங்கள் பந்து இருமுனை கூர்ந்தது,
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது.
பத்து கஜம் போக மூன்றே வாய்ப்பு.
எல்லைக்குத் தெற்கே நான்கு தருகிறார்கள்.
"இருப்பவன் கொடுக்கிறான்" என்பார் டேரல்.

முதல் வாரம்: ஆட்டம் ஜூலையிலா செப்டம்பரிலா.
அடுத்து: ஒட்டாவா கடன் கொடுக்குமா, கைவிரிக்குமா.
அப்புறம்: ஆளில்லாத அரங்கில் ஆடினால்
எதிரணியைத் திட்டுவது யார்.
ஆறாம் வாரம் வந்தபோது
உருளைப் பொரியல்மேல் குழம்பை ஊற்றித் தருவதா
தனியாகத் தருவதா என்பதில் வந்து நின்றது விவாதம்.
அன்றைக்குத்தான் இணைப்புகள் எல்லாம் நிறைந்தன.
ஃபோர்ட் கப்பெல்லிலிருந்து எல்வுட் பெல்கார்ட்
பதினோரு நிமிடம் பேசினார், ஊற்றும் கட்சிக்காக.
வேலை போன கதையைக் கடைசி அரை நிமிடத்தில் சொன்னார்,
மழை வரும்போல என்கிற மாதிரி.

என் வேலை, யார், எங்கிருந்து,
குடித்திருக்கிறாரா என்று பார்ப்பது.
அதுபோக ஒரு சிவப்புப் பொத்தான்.
இங்கே பேசுவது ஏழு நொடி கழித்தே ஊருக்குக் கேட்கும்.
அதற்குள் யாராவது வாய்தவறினால்
அழுத்துவேன். அந்தச் சொல் பிறக்காமலே போகும்.

வெர்னா ஹால்வர்சன் செவ்வாய்தோறும் அழைப்பாள்.
ஸ்விஃப்ட் கரண்ட். சீசன் டிக்கெட் இரண்டு.
பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதற்கு
வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள்.
அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் காற்று.
"வெளியிலா நிற்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.
முதியோர் இல்லத்தின் சன்னலாம்.
உள்ளே அவள் புருஷன் கார்ல், தலைமாட்டில் வானொலி.
கண்ணாடி தடிமன். உள்ளே விட மாட்டார்கள்.
அவள் போனில் எங்களிடம் சொல்வாள்.
நாங்கள் வாங்கி, ஏழு நொடி வைத்திருந்து,
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கொடுப்போம்.
அவன் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவாள்.
லைன் சரியில்லை என்றே
இத்தனை நாளும் நினைத்திருந்தார் டேரல்.

அந்தச் செவ்வாய், பேச்சு பழைய ஆட்டமொன்றுக்குப் போனது.
தொண்ணூறுகளின் ஓர் அக்டோபர். சமநிலை. கடைசி உதை.
எதிரணிக்காரன் குறி தவறிவிட்டான்.
எங்கள் ஆட்டத்தில் அதோடு முடியாது:
தவறிய பந்தையும் கோட்டுக்கு வெளியே
கொண்டுவந்து சேர்க்காவிட்டால்
அவர்களுக்கு ஒரு புள்ளி.
பந்தைப் பிடித்த எங்கள் பையன்
ஓடவில்லை, திருப்பி உதைக்கவில்லை.
மண்டியிட்டான்.
தவறவிட்டவன் ஜெயித்தான்.

"அந்தப் பையன் இருக்கிறானே" என்று தொடங்கினாள் வெர்னா.
இத்தனை வருஷம் வீட்டோடு இருந்த ஒரு சொல் வந்தது,
தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு.

விரல் பொத்தான்மேல் இருந்தது.
டேரல் திரையில் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார்.
ஏழு, ஆறு.
உரிமம் போகலாம். வேலை போகலாம்.
போனில் வெறும் காற்று.
சன்னலுக்கு அந்தப்பக்கம் இன்னும் எதுவும் தெரியாத ஒரு முகம்.
இந்தப்பக்கம் அதைப் பார்த்தபடி அவள்.
மூன்று.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆ," என்றாள் வெர்னா, "வந்து சேர்ந்தது.
தட்டுகிறான். கிழவன் கண்ணாடியைத் தட்டுகிறான்."

மூஸ் ஜாவிலிருந்து ஒரு புகார் வந்தது,
குழந்தைகள் கேட்கும் நேரமாம்.
மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன்.
ஆகஸ்டில், இந்த வருஷம் ஆட்டமே கிடையாது என்றார்கள்.
அன்றும் நாலு மணிக்கு ஆரம்பித்தோம்.
டேரல் வீட்டில் யாரோ துணி போட்டிருந்தார்கள்.