அன்று வெயில்

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமம்.
காலையிலிருந்து விடாத மழை.
கில்லவார்னாவின் கோல்காவலன் நான்.
வாரத்தில் ஆறு நாள் பால் லாரி,
ஏழாவது நாள் இந்தச் சேறு.

என் இடப்பக்கக் கம்பத்தடியில்
மார்ட்டி கில்ஃபாயில்.
நடுவர் கூட்டிவரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று
எங்கள் ஊர்க்காரரையே பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.
இரவல் வெள்ளைக் கோட்டு.
கை மணிக்கட்டுவரை எட்டவில்லை.

ட்ரம்கோராப் பையன் பந்தை எல்லைக்கோட்டில் வைத்தான்.
சுவர் பூசுகிறவன், பத்தொன்பது இருக்கும்.
மட்டையைப் புல்லோடு இழைத்து
ஒரே சீவு.
எழும்பியது,
இன்னும் எழும்பியது,
கம்பத்தின் நுனியையும் விட்டு மேலே,
கம்பத்தை நாமே மனதுக்குள்
நீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டிய உயரத்தில்
போனது.

மார்ட்டி அண்ணாந்தபடியே நின்றார்.
கண்ணுக்குள் மழை விழுந்தது. இமைக்கவில்லை.
பிறகு குனிந்தார்.
எடுத்தது வெள்ளைக் கொடி.

ஒரு புள்ளி. அவர்களுக்கு.
முப்பத்தொரு வருடத்தில்
நாங்கள் எட்டிய ஒரே இறுதிப் போட்டி.

எங்கள் கேப்டன் கஹல்
மார்ட்டியின் தங்கை மகன்.
தாய்மாமன் காலடியில் மட்டையை எறிந்துவிட்டு
காலுறையோடு நடந்தே வீட்டுக்குப் போனான்,
நான்கு மைல்.

மதுக்கடையில் மார்ட்டி நுழைந்தால்
எல்லோருக்கும் தொலைக்காட்சியில் வானிலை முக்கியமாகிவிடும்.
கோவிலில் சமாதானக் கைகுலுக்கலின்போது
முன் வரிசைக்குத் திடீரென்று
ஷூ நாடா அவிழ்ந்துவிடும்.
அவர் வேனின் பின்கதவு அழுக்கில்
யாரோ விரலால் எழுதினார்கள்: வெளியே.
அவர் அழிக்கவில்லை.
அந்த ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டே
டிசம்பர் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போய்வந்தார்.

ஏனென்றால், மார்ட்டி
மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்.
முதல் வாரம் பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தோம்.
வந்தான், தாமதமாக,
ஆட்டம் எப்படி என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.
சினைக்குக் கத்துகிற பசு
யார் கோபத்தையும் மதிப்பதில்லை.
கஹலின் அப்பாதான் முதலில் ஃபோன் செய்தாராம்,
நள்ளிரவில், குரலைத் தாழ்த்தி.

என்னையும் கேட்காதவர் இல்லை.
நீதானே அடியில் நின்றாய், சொல்,
உள்ளேயா வெளியேயா?
பெட்ரோல் பங்கில், சாவு வீட்டில்,
பல் பிடுங்கப் போன இடத்தில்
வாய்க்குள் பஞ்சு இருக்கும்போது கூட.
எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்:
கண்ணில் வெயில் அடித்தது.

யாரும் மறுக்கவில்லை.
அந்த நானூறு பேரும் அன்று நனைந்தவர்கள்.
குடை பிடித்தவர்களும்
கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் என் சிவப்புக் கிடாரி கத்த ஆரம்பித்தது.
இரண்டு இரவு பொறுத்தேன்.
மூன்றாம் நாள் விடியுமுன் வந்தார்.
நைட்ரஜன் குடுவையிலிருந்து புகை எழுந்து
அவர் முகத்தை மறைத்து விலகியது.
நான் வாலைப் பிடித்துக்கொண்டேன்.
தோள்வரை கை உள்ளே போன நிலையில்,
சுவரைப் பார்த்தபடி கேட்டார்:

"அன்றைக்கு வெயில் கடுமையோ?"

பசு காலை மாற்றி வைத்தது.
நான் வாலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வாளியில் கை கழுவும்போது
தானாகவே சொன்னார்,
"ஒரு பந்து அகலம் உள்ளே.
அவ்வளவுதான். ஆனால் உள்ளே."

துண்டை நீட்டினேன்.
"இரண்டு," என்றேன்.

வாங்கித் துடைத்தார், விரல் விரலாக,
நகக்கண் ஒவ்வொன்றாக,
ரொம்ப நேரம்.
பிறகு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்:
நவம்பரில் ஈனும்.
இறுதிப் போட்டி சமயம்.