அறுபத்து நான்காம் நாள்

கோப்புகளை ஆங்கிலத்தில் படிக்கிறேன்,
ஆயாக்களிடம் இந்தியில் கத்துகிறேன்.
எண்ணுவது மட்டும் இன்னும் தமிழில்தான்.
நவம்பர் ஒன்பதில் தொடங்கி
புராரி இல்லத்து நாட்காட்டியில்
ஒன்று, இரண்டு என்று
பென்சிலால் கோடு கிழித்தேன்.

பெற்றவள் கைநாட்டு வைத்த நாளிலிருந்து
மனம் மாற
அறுபது நாள் தருகிறது சட்டம்.
எங்கள் வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டர்
அவ்வளவு நாள் வரும்.

அறுபதும் தீர்ந்தது. குழு கூடியது.
தத்துக் கொடுக்கச் சட்டப்படி விடுபட்டவள் என்று
நான்கு மாதத்துக்காரிக்குச் சான்று எழுதினார்கள்.
எதிலிருந்து விடுபட்டாள் என்று எழுத
அதில் இடம் இல்லை.
மேலுதட்டுப் பிளவு வழியே பால் மூக்கில் ஏறி
அவள் தும்மிக்கொண்டிருந்தாள்.

அறுபத்து நான்காம் நாள்
பனிமூட்டத்துக்குள் ஓர் இ-ரிக்‌ஷா நின்றது.
இறங்கியவள் முக்காட்டை விலக்கவில்லை.
பிள்ளையைக் காட்டு என்று கேட்கவில்லை.
"ராத்திரியில் குல்லா போடுகிறீர்களா?"
போடுகிறோம் என்றேன்.
"காதை மூடுகிற மாதிரியா?"
ஆமாம் என்றேன்.
ரிக்‌ஷாக்காரன் ஹாரன் அடித்தான்.

வருகைப் பதிவேட்டில்
நேரம்: பதினொன்று இருபது.
வந்த காரணம்: முகவரி விசாரிக்க.
என் கையெழுத்துதான்.
பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து.

பிறகு காகிதங்களின் காலம்.
உள்ளூரில் மூன்று குடும்பம் படம் பார்த்தது,
மூன்றும் வேறு படம் கேட்டது.
மால்டா என்ற நாட்டிலிருந்து
ஜோசெட், கார்மெலோ இருவரின்
வீட்டாய்வு அறிக்கை வந்தது:
சம்பளம், ரத்த அழுத்தம்,
கல்யாணமாகி எத்தனை வருஷம்,
போலீசில் பெயர் இல்லை என்பதற்கு அத்தாட்சி,
குழந்தையின் அறைக்கு ஜன்னல் உண்டு,
ஜன்னலுக்குக் கொக்கி உண்டு.
ஆர்.கே.புரத்துக்கு ஆட்சேபம் இல்லை.
அந்த நாட்டுக்கும் ஆட்சேபம் இல்லை.
கஞ்சாவாலாவில் மாவட்ட மாஜிஸ்திரேட்
கதவை மூடிக்கொண்டு பதினாறு நிமிடம் விசாரித்தார்,
அவருக்கும் இல்லை.
நான் ஆட்சேபிக்க யார்.

பாஸ்போர்ட் படத்துக்கு
வாயை மூடச் சொல்லு என்றான் போட்டோக்காரன்.
மூடித்தான் இருக்கிறாள்,
தைத்த உதடு அப்படித்தான் இருக்கும் என்றேன்.
அப்படியே எடுத்தான்.
காசு வாங்க மறுத்தான்,
பிறகு வாங்கிக்கொண்டான்.

போன பிறகும் விடாது சட்டம்.
இரண்டு வருஷம், ஆறு அறிக்கை.
எடை, பற்கள், பேசும் சொற்கள்.
மூன்றாவதோடு ஒரு படம்:
மஞ்சள் சுவர், பின்னால் கடல்.
காற்றில் முடி பறக்க
எதையோ பார்த்துக் கத்துகிறாள்.
குல்லா இல்லை.
வரைபடத்தை எடுத்து
விரலால் தேடித் தெரிந்துகொண்டேன்,
அங்கே இவ்வளவு குளிராது.

இதைச் சொல்ல வேண்டியவளின் முகவரி
ஒப்படைப்புப் பத்திரத்தில் இருக்கிறது.
பத்திரம் முத்திரையிட்ட உறைக்குள்.
உறை பீரோவுக்குள்.
பீரோச் சாவி
என் மேசையில்தான் கிடக்கிறது.

ஜனவரி வந்தால் பதினொன்று மணிக்கு மேல்
வாசல் வரை ஒரு நடை போய்வருகிறேன்.
இ-ரிக்‌ஷாக்கள் நிற்பதில்லை.
போன வாரம் ஒன்று நின்றது.
ஒரு பெண் இறங்கினாள்.
நான் கேட்கும் முன்பே
கையிலிருந்த துண்டுச்சீட்டை நீட்டினாள்.

உண்மையிலேயே முகவரி விசாரிக்க.