சில்லுக்குப் பின்னால்

ஸ்விலென் அந்தப் படத்தை லமினேற் செய்து வைத்திருந்தான்.
அம்பகாமத்து வெயில் அதில் பட்டுத் தெறிக்க
ஐந்து சிப்பாய்களும் வந்து வந்து மறைந்தார்கள்.

பத்தரை மணித் தேநீர்.
முகக்கவசங்களை வீரை மரத்தில் கொளுவியிருந்தோம்.
பல்கேரியா எங்கே என்று கேட்டான் யசோதரன்.
துருக்கிக்குப் பக்கத்தில்.
துருக்கி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

படத்தின் பின்னால் பென்சிலில் ஒரு சொல்: ஓட்ரின்.
ஓர் ஆண்டு: ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்று.
ஐவரில் ஒருவர் அவனுடைய பூட்டனாராம்,
எவர் என்றுதான் வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.
பீரங்கி எதுவென்று தெரிந்தால் படைப்பிரிவு தெரியும்,
பிரிவு தெரிந்தால் பெயர்ப்பட்டியல் தேடலாம்,
பட்டியல் கிடைத்தால்...
அப்படி ஒரு கணக்கு அவனிடம்.
நீங்கள் ஆட்லறி தெரிந்த ஆட்கள் அல்லவா என்றான்.

தெரியும்தான்.
எங்களுக்குக் காதால் தெரியும்.
குத்துற சத்தம் கேட்டதும்
இது நூற்றியிருபத்திரண்டு,
இது நூற்றிமுப்பது,
இது எங்களுக்கில்லை, தேவிபுரத்துக்கு என்று
பங்கருக்குள் இருந்தபடியே சொல்லுவான் என் தம்பி மயூரதன்.
அப்போது அவனுக்கு ஒன்பது வயது.
ஏழுவரை எண்ணிவிட்டுக் குனிவான்.
ஒருநாள் ஐந்திலேயே விழுந்தது.

படமோ சத்தம் போடாது.

ஸ்விலெனின் மாமா அடித்துச் சொல்கிறாராம், ஷ்னைடர்.
பிரெஞ்சுக்காரன் செய்தது, முன்னால் தகட்டுக் கேடயம் உள்ளது.
இதில் கேடயம் இல்லையே என்றாள் நிறோஜினி.
கழற்றி வைத்திருப்பார்கள் என்றான் யசோதரன்.
பின்வாயைப் பார்த்தால் முடிந்தது கதை:
ஷ்னைடருக்குத் திருகுக் கதவு,
குருப்புக்குப் பக்கத்தால் இழுக்கிற ஆப்பு.
ஆனால் ஒரு சிப்பாய் சரியாக அந்த இடத்தில்
தன் தொப்பியை வைத்திருந்தான்.

நான் பீரங்கியைப் பார்க்கவில்லை.
பன்னிரண்டு வருடமாக எனக்குச் சம்பளம்
மண்ணைப் பார்க்கத்தான்.

சில்லுக்குப் பின்னால் இரண்டு சால்.
ஏர் போனது மாதிரி,
விளிம்பு இன்னும் உதிராமல்.
ஒரு தரம் போனதல்ல,
ஒன்றின்மேல் ஒன்றாய் நாலைந்து தரம்.
பக்கத்தில் சப்பாத்து முனைகள் ஆழமாய்,
குதிகள் பதியாமல்.

இது உதையை உள்ளுக்குள் விழுங்கத் தெரியாத பீரங்கி என்றேன்.
சுட்டால் முழுதாகப் பின்னுக்குப் பாயும்.
ஒவ்வொரு தரமும் தோள் கொடுத்து
பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும்.
ஷ்னைடர் என்றால் குழல் மட்டும் போய்வரும்,
சில்லு இவ்வளவு உழாது.
குருப்தான், பழசு.
எண்பத்தேழு மில்லிமீற்றர் ஆக இருக்கலாம்,
வேறொன்றாகவும் இருக்கலாம்.
பழசு என்பது மட்டும் நிச்சயம்.

ஸ்விலென் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
கொப்பியை எடுத்து அவசரமாக எழுதினான்.

எனக்கு அந்தச் சால் விடவில்லை.
காயாத சால்.
படக்காரன் வந்ததும் நிறுத்திவிட்டு
மீசை துடைத்து நின்றிருக்கிறார்கள்.
வலது ஓரத்தில் நிற்பவனின் காதில்
இன்னும் பஞ்சு இருக்கிறது.
குழல் இடது விளிம்பைத் தாண்டிப் போகிறது,
அதற்கு அப்பால் வெறும் பிளாஸ்ரிக்.

அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன்.
ஓட்ரின் என்றான். ஊர்.
சனம் இருந்ததா?
ஊர் என்றால் சனம்தானே என்று
தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

துருக்கியில் ஏழுக்கு என்ன சொல்லுவார்கள்?
அவனுக்குத் தெரியவில்லை.
ஐந்துக்கும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு விசில்.
என் பாதையில் பின்னேரம்வரை ஒன்றுமில்லை,
ஒரு சைக்கிள் மணியைத் தவிர.
கறள் சுரண்டி, திருப்பிப் பார்த்து,
படிவத்தில் எழுதினேன்:
உலோகம். ஆபத்தற்றது.