மிச்சச் சொல்

பீல் நகரில், உணவகத்துப் பின்கதவில்,
முதலாளி பேசியது ஒரு நிமிடம்.
எனக்கு ஒன்பது வயது.
"என்னவாம்?" என்றார் அப்பா,
முழங்கைவரை சவர்க்கார நுரையோடு.
"ஆக்களைக் குறைக்கினமாம்" என்றேன்.
மிச்சத்தை விழுங்கினேன்.
அது செமிக்கவேயில்லை.

ஏன் சொந்தத் தொழில் என்று
வங்கியில் கேட்டார்கள்.
சந்தை நிலவரம், வளர்ச்சி வீதம்,
வரைபடம்கூடக் காட்டினேன்.

இப்போது ஆறு வான்கள். பதினொரு பேர்.
கதவுகளில் என் பெயர், நீல எழுத்தில்.
நவம்பரில் இரண்டு ஒப்பந்தங்கள் கைநழுவின.

எரித்திரியக்காரர் ஹப்தோம்
மகனோடு வந்திருந்தார்.
சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி
நெடுநேரம் சொன்னேன்.
பையன் என்னையே பார்த்தான்.
பிறகு தகப்பன் பக்கம் திரும்பி
ஒரேயொரு சொல் சொன்னான்.