சம்பளத்தோடு விடுமுறை

ஏழு மணிக்கே வரிசையில் நின்று
மை வாங்கிக்கொண்டோம்.
ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
யோகமணிதான் ஆரம்பித்தாள்:
"ஊட்டிக்குப் போவமா? ரயில்ல?"

பத்தொன்பது வருஷமாகக் குன்னூரில் இருக்கிறேன்.
எங்களுக்கு மணி காட்டத்தான் அந்த ரயில்.
ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கார்டுக்கும்
பஸ்ஸில்தான் போவோம்,
வாந்திக்கு ஒரு கவர் எடுத்துக்கொண்டு.

ரெண்டு முழுசு, ஒரு அரை.
டிக்கெட் கொடுத்தவர் எங்கள் விரலைப் பார்த்துவிட்டு
தன் விரலையும் பார்த்துக்கொண்டார்.

ஜன்னல் நிரோஷனுக்கு என்றுதான் பேச்சு.
வெலிங்டன் வருவதற்குள்
நான் பிடுங்கிக்கொண்டேன்.

கொழுந்து எடுத்த காலத்தில்
இந்த ஜன்னல்களிலிருந்து
எத்தனையோ பேர் எனக்குக் கையசைத்திருக்கிறார்கள்.
ஒருநாளும் திருப்பி அசைத்ததில்லை.
கோபமெல்லாம் இல்லை,
ரெண்டு கையிலும் இலை.

கேத்தியில், கேரட் பாத்தியில் குனிந்திருந்த ஒருத்தி
வண்டிச் சத்தத்துக்கு நிமிர்ந்தாள்.
என் கை தானாக எழுந்துவிட்டது.
அவள் இடுப்பைப் பிடித்து முதுகை நீட்டினாள்,
மறுபடி குனிந்துகொண்டாள்.
அவளுக்கு லீவு இல்லையா, ஓட்டுப் போட்டாளா,
அந்தத் தூரத்தில் விரல் தெரியவில்லை.

லவ்டேல் பக்கத்துக் குகைக்குள்
பெட்டி முழுக்க ஓ என்று கத்தியது.
யோகமணி மட்டும் ஒரு பெயரைக் கத்தினாள்.
வெளிச்சம் வந்ததும்
பையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலம்
கசிகிறதா என்று பார்த்தாள்.
நானும் சேர்ந்து பார்த்தேன்.

ஊட்டியில் எல்லாம் ஷட்டர்.
சேரிங்கிராஸ் வரைக்கும் நடந்தோம்.
பையனுக்கு ஷூ வாங்க நினைத்த கடையில்
காகிதம் ஒட்டியிருந்தது:
வாக்குப்பதிவை முன்னிட்டு.
வர்க்கிக் கடையிலும் அதே கையெழுத்து,
அதே எழுத்துப் பிழை.

மையில்லாத விரல்களோடு
மலையாளக் குடும்பம் ஒன்று வழிகேட்டது,
சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று.
"நேராப் போய் சோத்துக்கை பக்கம் திரும்புங்க"
என்றாள் யோகமணி, பிறந்ததிலிருந்து ஊட்டிக்காரி மாதிரி.
அவர்கள் போனதும் மெதுவாகக் கேட்டாள்:
"அங்க என்ன இருக்கு?"

சர்ச்சுக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு சுவரில் உட்கார்ந்து
புளிச்சோறு தின்றோம்.
குளிருக்கு நல்லெண்ணெய் உறைந்திருந்தது.
பத்து நிமிஷத்தில் அந்தக் குடும்பமே திரும்பி வந்தது,
சின்னக் குழந்தை அழுதுகொண்டு.
ஒன்றும் பேசாமல் மூன்றாவது பொட்டலத்தை
நீட்டிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மட்டும் டீ இருந்தது.
ஒரு மடக்கு குடித்ததுமே தெரிந்துவிட்டது,
வாட்டல் பத்தாத இலை.
எங்கள் ஃபேக்டரித் தூளாகக்கூட இருக்கலாம்,
என் ஷிஃப்டாகக்கூட இருக்கலாம்.
இன்னொன்று போடச் சொன்னேன்.

திரும்பும் வண்டியில் கூட்டமே இல்லை.
ஆளுக்கொரு ஜன்னல்.
கேத்திப் பாத்தியில் யாரும் இல்லை,
கரையில் ஒரு பச்சைத் துண்டு மட்டும் கிடந்தது.

"அடுத்த எலெக்சன் எப்போ?" என்றான் நிரோஷன்.
"அஞ்சு வருஷம்."
விரலில் எண்ணினான்:
"அப்ப எனக்குப் பதினாலு. முழு டிக்கெட்."

யோகமணி கண்ணை மூடியபடியே சொன்னாள்:
"அதுக்கு முன்னாடி
உள்ளாட்சி வந்துரும்டா."