கெடு தாண்டிய கதை

மீன்பிடிக் கப்பலின் சமையற்காரி ஸ்டெய்னுன்
நூலகத்துக்குக் கடன்பட்டு மூன்று வாரம்.
கருவியை விமானப் பயன்முறையில் பூட்டிவிட்டாள்;
கெடு முடிந்த சேதி
புத்தகத்துக்கு இன்னும் தெரியாது.

ஐஸ்லாந்துக்கு வடக்கே அலை இரண்டு ஆள் உயரம்.
எழுத்தைப் பெரிதாக்கினாள்,
பக்கத்துக்குப் பதினோரு சொல்,
கப்பல் சாய்ந்தாலும் வரி தப்பாதபடி.
குளிர்க்கிடங்கில் கையுறை கழற்ற முடியாது.
மூக்கு நுனியால் பக்கம் திருப்பினாள்;
திரையில் பனியும் கொஞ்சம் மீன்வாடையும்.

கரையில் இந்நேரம்
வரிசையில் காத்திருந்த யாரிடமோ போயிருக்கும்
இதே புத்தகம்.
ஒரே கொலைக்கு இரண்டு சாட்சி.

துறைமுகம். தொண்ணூற்று நான்கு சதவீதம்.
எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.
கயிற்றுச் சுருள்மேல் குந்தியிருக்கிறாள்,
சிக்னலுக்கு முதுகைக் காட்டி.
கொலைகாரன் அகப்படும்வரை
கரையேறுவதாய் இல்லை.