ஆள் வருது

தால்காவானோ துறைமுகத்தில்
மார்ச் மாதம் இரண்டு மணி அடிக்கும்.
ஒன்று பள்ளிக்கூடத்தில்.
இன்னொன்று படகுத்துறையில்,
மத்தி பிடிக்கத் தடை நீங்கியது என்று.
எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு
இரண்டாவதுதான் காதில் விழும்.

நான் யாஸ்னா.
குளிர்கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
காலை ஏழு மணிக்கு இறங்கி, விரல்களைத் தேய்த்துச் சூடாக்கி,
எட்டேகாலுக்கு எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின்
கடைசி வரிசைக்குப் பின்னால் உட்காருகிறேன்.
சம்பளம் கிடையாது.
கழுத்தில் தொங்க ஓர் அட்டை உண்டு,
அதில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள்.

பாடம் நடத்த வேண்டாம் என்றார் தலைமையாசிரியை.
“சும்மா இருங்கள். ஒரு பிள்ளை வராத அன்று
அது யாருக்காவது உறைக்க வேண்டும், அவ்வளவுதான்.”
ரொட்டிக்கடை ஓஸ்வால்தோ இரண்டே நாளில் நின்றுவிட்டார்.
சும்மா இருப்பது
அடுப்படியில் நிற்பதைவிடக் கஷ்டமாம்.

மூன்றாவது வாரம் நோல்பெர்ட்டோ வரவில்லை.
நான்காம் நாள் அவன் மேஜைமேல் பைகள் ஏறின.
ஐந்தாம் நாள் ஓர் ஈரக்குடை.
ஒரு பையன் பள்ளியைவிட்டுப் போவது இப்படித்தான்:
முதலில் அவன் மேஜை அலமாரி ஆகிறது.

குடையைக் கீழே வைத்துவிட்டு
அங்கே நான் உட்கார்ந்தேன்.
முழங்கால் இடித்தது.
மரத்தில் காம்பஸ் முள்ளால் கீறிய ஒரு படகு,
எஞ்சினோடு, கயிற்றோடு, பெயர் மட்டும் எழுதாமல்.
இடம் பிடிக்க இருக்கையில் துண்டு போடுவார்களே,
அந்தத் துண்டு நான்.

ஆசிரியர் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதினார்.
ஒரு லாரிக்கு இருபத்துநான்கு அடுக்கு;
மூன்றில் இரண்டு பங்கு ஏற்று என்றால்
யோசிக்காமல் பதினாறு ஏற்றுவேன்.
தாளில் எழுதியதும் அதே எண்கள்
எறும்பாகிக் கலைந்து ஓடுகின்றன.
ஐந்துக்கு இரண்டுதான் சரி. வகுப்பே சிரித்தது.
பதினான்கு வயதில் நான் எழுந்து போனதும்
இதே கட்டிடத்திலிருந்துதான்.
அன்று என் மேஜைமேல் என்ன வைத்தார்களோ.

சனிக்கிழமை துறைக்குப் போனேன்.
இடுப்புவரை செதில் மின்ன நின்றிருந்தான்.
“ஏட்டு மீன் சட்டிக்கு வராது, யாஸ்னா”
என்று படகுக்காரர் சிரித்தார்.
கெட்டவர் இல்லை. அன்றன்றைக்குக் கையில் காசு கொடுப்பவர்.
அந்தக் காசில்தான் அவன் அம்மா வாடகை கட்டுகிறாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றுவரை இல்லை.

எதிர்காலம் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை.
“உன் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்,
உன் நாற்காலியிலிருந்து ஐந்துக்கு இரண்டு வாங்குகிறேன்”
என்று மட்டும் சொன்னேன்.
கூடையை இறக்கி வைத்தான்.
முகத்தில் கோபம். அதை நான் எதிர்பார்க்கவில்லை.
“அந்தப் படகைத் தேய்ச்சிடாதீங்க.”

செவ்வாய் வந்தான். புதன் வரவில்லை.
வியாழன் வந்தான், காதோரம் ஒரு செதிலோடு.
வாரத்தில் மூன்று நாள்,
கடல் கொந்தளித்தால் நான்கு.
பதிவேடு அவனை இன்னும் சிவப்பில்தான் எழுதுகிறது;
சாந்தியாகோவுக்கு அனுப்பும் தாளில்
‘பாதி வந்தான்’ என்பதற்குக் கட்டம் இல்லை.
அவன் வரும் நாளில் எழுந்து ஜன்னலோரம் நிற்பேன்.
நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவான்,
என்மேல் மீன் வாடையாம்.
சொல்கிறவன் யார் பாருங்கள்.

போன திங்கள்
முன்வரிசையில் மரிசேலின் மேஜைமேல்
ஒரு பை இருந்தது. ஒன்றே ஒன்று.
தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்குப் பகல் வேலை என்றார்கள்.
ராத்திரி முழுக்க விழித்த கண்
எரிந்துகொண்டிருந்தது.
பையை எடுத்து உரியவனிடம் நீட்டினேன்.
“சும்மாதானே கிடக்குது?” என்றான்.
“ஆள் வருது” என்றேன்,
முழங்காலை எங்கே மடக்குவது என்று பார்த்தபடி.